நான்காம் நாள் படையெடுப்பு

சங்குமேடு நகராட்சி மருத்துவமனையில் ஒன்பது டயாலிசிஸ் எந்திரங்கள் இருந்தன. உப்போடைக்காரன் ஏழாம் நாள் படையெடுத்த பிறகு அவற்றில் இரண்டுதான் ஓடின.

படையெடுப்பு என்றால் நிஜப் படை இல்லை. கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று இருந்தது. அதிலிருந்து வரும் ஒற்றைக் குழாயை நம்பி ஐந்து ஊர்கள். யாருக்கு எவ்வளவு என்ற வழக்கு இருபத்திரண்டு வருடம் நடந்தது. தீர்ப்பு வந்த மறுநாள் மேல்முறையீடு, அதற்கு மறுநாள் சாலை மறியல். ஒருமுறை பம்ப் ஹவுஸ் வாசலில் நடந்த வெட்டுக்குத்தில் நான்கு பேர் செத்தார்கள். அதன் பிறகுதான் குடிநீர் ஆணையம் களத்தைக் கொண்டுவந்தது.

களம் என்பது ஒரு கணினி விளையாட்டு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். ஐந்து ஊரும் ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்து அவரவர் நகராட்சிக் கூடத்தில் திரைக்கு முன் உட்கார வைக்க வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குளம், அறுபது குடிமக்கள், முந்நூறு மூட்டை தானியம். தினமும் காலை பதினொரு மணிக்கு ஒரு நகர்த்தல், நாற்பது நாள். குளம் வெட்டலாம், வயல் திருத்தலாம், படை திரட்டி அடுத்த ஊர்க் குளத்தைப் பிடிக்கலாம். நாற்பதாம் நாள் யார் கையில் எத்தனை குளமோ அந்த விகிதத்தில்தான் அடுத்த ஐந்து வருடத்துக்கு நிஜத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். ஒரு குளமும் மிஞ்சாத ஊருக்கும் அதன் அளவைப் பார்த்துக் குடிக்க மட்டும் கொஞ்சம் விடுவார்கள்; அடுத்த ஆட்டத்திலும் மிஞ்சாவிட்டால் அதில் பாதி. ரத்தம் சிந்தாத சண்டை என்று தொடக்க விழாவில் ஓர் அமைச்சர் சொன்னார். அது பொய்யும் இல்லை. பம்ப் ஹவுஸ் வாசலில் அதற்குப் பிறகு யாரும் வெட்டுப்படவில்லை.

முதல் இரண்டு ஆட்டங்களில் இருபதாம் நாளுக்கு முன் யாரும் யார் மேலும் கை வைக்கவில்லை. அப்படி ஒரு விதி கிடையாது, எல்லோரும் காத்த மரியாதை அது. மூன்றாவது ஆட்டத்தில் உப்போடை, இருபது நாள் சமாதானமாக இருப்போம் என்று சங்குமேட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டு ஏழாம் நாள் படையோடு வந்தது. சங்குமேட்டுக்காக ஆடியவர் ஓய்வு பெற்ற வேளாண்மை அதிகாரி. அறுபது ஆளையும் வாய்க்கால் வெட்ட அனுப்பியிருந்தார், காவலுக்கு ஒருவன்கூட இல்லை. இரண்டு குளமும் ஒரே நாளில் போயின. மீதி முப்பத்து மூன்று நாளும் அவர் திரைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார்.

தினமும் வந்த தண்ணீர் நான்கு நாளைக்கு ஒருமுறை ஆனது. ஊர் சமாளித்துக்கொண்டது. குடத்தை எண்ணி வைத்தார்கள், துவைப்பதைக் குறைத்தார்கள். டயாலிசிஸ் எந்திரத்திடம் அப்படிச் சமாளிக்கச் சொல்ல முடியாது. ஒருவரின் ரத்தத்தை ஒருமுறை சுத்தம் செய்ய நூற்றைம்பது லிட்டர் சுத்த நீர் வேண்டும். அந்த நூற்றைம்பதை வடிக்க அதைப்போல இரண்டு மடங்கு உள்ளே போக வேண்டும்.

அந்தப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தவள் முத்துப்பேச்சி. முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அவளுடைய நோயாளிகள் முப்பத்தொரு பேர். அவர்களில் ஒருத்தி அவளுடைய சொந்த அக்கா தங்கபுஷ்பம், பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். இரண்டு எந்திரத்தில் பதினெட்டுப் பேருக்குத்தான் செய்ய முடியும், மற்றவர்கள் அறுபது கிலோமீட்டர் தள்ளி மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும், யார் யார் என்று நீயே பிரித்துவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சி அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தங்கபுஷ்பம் எந்திரத்தில் படுத்திருந்தாள்.

"எம் பேர வெளிய போறவுக பக்கம் எழுதுட்டி," என்றாள் அக்கா. "என்னைய இங்க வச்சுக்கிட்டன்னா ஒருத்தனும் உன்னைய நம்ப மாட்டான்."

பேச்சி எழுதினாள். இரண்டாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாவட்டத் தலைநகருக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோர இருக்கையில் தங்கபுஷ்பத்தின் இதயம் நின்றுவிட்டது. முந்தின சனிக்கிழமை பேருந்து வழியில் பழுதாகி நின்றதால் அவளுக்கு முறை தவறியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அவள் தூங்குவதாக நினைத்து, நிறுத்தம் வந்ததும் எழுப்பப் பார்த்தாளாம்.

பெயரை அந்தப் பக்கம் எழுதியது தன் கை என்பதைப் பேச்சி ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்துக்கொண்டு உயிரோடு இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த வாரக் கடைசியில் செய்தித்தாளில் ஒரு படம் வந்தது. மிரட்டலும் பேரமும் நடக்கக் கூடாது என்பதற்காக ஆடுகிறவர்களின் பெயரை ஆட்டம் முடிந்து மூன்று மாதம் வரை ஆணையம் வெளியிடாது, ஊர்க்காரர்களும் வெளியே சொல்லக் கூடாது. இப்போது வெளியிட்டிருந்தார்கள். உப்போடைக்காக ஆடியவன் சேர்மத்துரை, கணக்கு வாத்தியார், நாற்பது வயது. கழுத்தில் மாலை, தோளில் தூக்கி வைத்திருக்கும் இளைஞர்கள், வாயெல்லாம் பல். பேச்சி அந்தச் சிரிப்பை நெடுநேரம் பார்த்தாள். அன்று மத்தியானம் பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆட்டத்தின் பதிவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சட்டம் இருந்தது. பேச்சி தன் நோயாளிகளுக்கு ஊசி ஏற்றிவிட்டு, நான்கு மணி நேரம் எந்திரம் சுற்றும்வரை இரண்டு படுக்கைகளுக்கும் நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சேர்மத்துரையின் ஆட்டத்தைப் பார்த்தாள். அடுத்த நாளும் அதையே பார்த்தாள். நான்கு வருடம் பார்த்தாள். படுத்திருந்தவர்களும் தலையைத் திருப்பிப் பார்த்துக் கருத்துச் சொல்லத் தொடங்கினார்கள். ஓடைக்குத் தெற்கே கிடங்கு வைப்பான், ஆட்களை நான்கு நான்காகத்தான் அனுப்புவான், ஐந்தாம் நாள்வரை ஒரு காவல்காரனையும் போடமாட்டான், ஆறாம் நாள் மொத்தப் படையையும் ஒரே மூச்சில் திரட்டுவான். ஒரு மனிதனின் நடையைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்வதுபோல அவன் கையை அவளால் கண்டுகொள்ள முடிந்தது.

நான்காவது ஆட்டத்துக்கு ஆள் எடுக்க நகராட்சி போட்டி வைத்தபோது அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள், சின்ன வயதிலிருந்தே இந்த மாதிரி விளையாட்டுகளில் ஊறினவர்கள். எல்லோரும் முதலில் குளம் வெட்டினார்கள். பேச்சி எல்லோரையும் ஆறு நாளுக்குள் முடித்தாள்.

அவளுக்கு ஆலோசகராக நகராட்சிக் குடிநீர்ப் பிரிவு உதவிப் பொறியாளர் நவமணியை நியமித்தார்கள். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தவர், எதையும் இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிறவர். அவள் போட்ட திட்டத்தையும் அப்படியே கூட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலாம் நாளே போனா நம்ம வயல்ல ஒரு ஆளு இருக்க மாட்டான், பேச்சி. அடிச்சுப் பிடிக்க முடியலேன்னா ஆறாம் நாள் நம்ம படைக்கே சோறு கிடையாது. எட்டு நாளைக்கு ஒருக்கதான் தண்ணி வரும். அந்த ரெண்டு மிஷினும் நின்னுரும்."

"தெரியும் சார்."

"அவன் வாரது ஏழாம் நாள். நாம அஞ்சாம் நாள் நல்லாக் காவல் போட்டா போதும்லா. தடுத்துரலாம்."

"தடுக்கதுக்கு நான் எதுக்கு சார்?"

சேர்மத்துரையே மறுபடியும் ஆடுவான் என்று என்ன நிச்சயம் என்று நவமணி கேட்டார். ஜெயித்தவனை எந்த ஊர் மாற்றும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அது நியாயமாகத்தான் பட்டது.

ஆட்டம் தை மாதத்தில் தொடங்கியது. முதல் நாளே பேச்சி இரண்டு ஆட்களை ஆடு மேய்ப்பவர்களாக உப்போடை எல்லைக்கு அனுப்பினாள். களத்தில் நம் ஆட்கள் கண்ணில் பட்டதுதான் நமக்குத் தெரியும், மற்ற இடமெல்லாம் இருட்டாக இருக்கும். மறுநாள் அந்த இருட்டில் ஒரு துண்டு வெளுத்தது. ஓடைக்குத் தெற்கே ஒரு கிடங்கு எழும்பியிருந்தது. பக்கத்தில் நான்கு பேர், அதற்கடுத்து நான்கு பேர். பேச்சிக்குக் காது சூடானது. பின்னால் உட்கார்ந்திருந்த நவமணியிடம் திரும்பி, அவன்தான் என்றாள்.

அன்று மத்தியானம் உப்போடையிலிருந்து செய்தி வந்தது. ஓர் ஊர் இன்னோர் ஊருக்கு ஒரு நாளில் ஒரு செய்தி அனுப்பலாம். போன தடவை உங்களுக்குச் செய்தது தப்பு, இந்தத் தடவை இருபது நாள் நாம் இரு ஊரும் சண்டை போட வேண்டாம், உங்கள் பக்கம் நாங்கள் வரமாட்டோம், வாக்குத் தருகிறோம் என்று எழுதியிருந்தது. அதே சமாதானம், அதே இருபது நாள். தப்பு என்ற சொல் மட்டும் புதிது. அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. இந்தச் சொல்லை அவன் எவ்வளவு நேரம் யோசித்திருப்பான் என்று நினைத்தாள். போன தடவை சங்குமேடு அனுப்பிய பதிலை ஒரு எழுத்து மாறாமல் அப்படியே எடுத்து அனுப்பினாள்: சம்மதம், நன்றி, இரு ஊரும் வாழ்க.

அறுபது பேரில் ஐம்பது பேரைப் படையாக்கினாள். எல்லையை ஒட்டிப் பனங்காட்டுக்குப் பின்னால், உப்போடைக்காரர்கள் கண்ணில் படாத மடிப்பில் அவர்களைத் தங்க வைத்தாள். தானியத்தில் பாதி அங்கே போயிற்று. அவளுடைய வயல்கள் தரிசாகக் கிடந்தன. மூன்றாம் நாள் நகராட்சித் தலைவர் கூடத்துக்கு வந்து திரையைப் பார்த்துவிட்டு, என்னம்மா ஒரு வாய்க்கால்கூட இல்லையே என்று முகம் வெளிறிக் கேட்டார். நவமணி அவரை மெல்ல வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

நான்காம் நாள் பதினொரு மணிக்கு ஐம்பது பேரும் ஓடையைக் கடந்தார்கள். எதிரே காவல் இல்லை. வயலில் இருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவது சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தது. கிடங்கு விழுந்தது, பெரிய குளம் விழுந்தது. கூடத்தில் திரண்டிருந்தவர்கள் போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். பேச்சி கூச்சல் போடவில்லை. நாலரை வருடமாக நெஞ்சுக்குள் இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று ஒரு விரல் அளவு தளர்ந்தது. இன்னும் தளர வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

அன்று மாலைக்குள் உப்போடை எழுதியது. இந்தத் தடவை செய்தி நீளமாக இருந்தது. பெரிய குளத்தை வைத்துக்கொள்ளுங்கள், திரும்பக் கேட்கமாட்டோம். எங்கள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸில் பதினோரு பேர் இருக்கிறார்கள். சின்னக் குளம் ஒன்று கையில் இருந்தால் அந்த எந்திரங்கள் மட்டும் ஓடும். அதை மட்டும் விட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் போன தடவை என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியும்.

மறுநாள் பத்தரை மணிக்கு நவமணி அவளுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சின்னக் குளத்தால் நமக்கு ஒரு நாளைக்குக் கால் மணி நேரத் தண்ணீர்கூட அதிகம் கிடைக்காது என்று கணக்குக் காட்டினார். ஜெயித்தாகிவிட்டது, இனி அது தேவையில்லை என்றார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினோரு பேருன்னா என்னன்னு உனக்குத் தெரியும், பேச்சி. எனக்குக்கூட சரியாத் தெரியாது. உனக்குத் தெரியும்."

"எங்க அக்கா போகும்போது அவன் எந்தக் குளத்த விட்டான் சார்?"

"அவனுக்கு உங்க அக்காவத் தெரியாதே."

"இப்ப தெரியட்டும்."

பதினொன்று அடித்தது. அவள் படையைச் சின்னக் குளத்துக்கு நகர்த்தினாள்.

மீதி நாட்கள் எளிதாகப் போயின. உப்போடை மறுபடி எழுந்திருக்கவில்லை. மற்ற மூன்று ஊர்களும் பயந்துபோய்க் காவலைக் கூட்டிக்கொண்டு அவரவர் எல்லைக்குள் இருந்துவிட்டன. நாற்பதாம் நாள் சங்குமேட்டிடம் ஏழு குளங்கள் இருந்தன. மேளம் வைத்து ஊர்வலம் விட்டார்கள். சித்திரை முதல் நாள் காலை ஆறு மணிக்குத் தெருக்குழாய்களில் தண்ணீர் வந்தது, மறுநாளும் வந்தது. முதல் வாரம் பெண்கள் தேவையில்லாமலே வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது எந்திரங்களும் ஓடின. வெளியூர் போய்க்கொண்டிருந்தவர்களில் உயிரோடு இருந்த ஆறு பேர் திரும்பி வந்தார்கள். ஒரு கிழவர் பேச்சியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவள் வைகாசி மாதத்துக்காகக் காத்திருந்தாள். பெயர்கள் வெளியாகும், சேர்மத்துரை தன்னைத் தோற்கடித்தவள் யார் என்று பார்ப்பான், எதற்காக என்று விசாரிப்பான், யாராவது தங்கபுஷ்பத்தின் பெயரைச் சொல்வார்கள். அந்த இடத்தில் அவன் முகம் எப்படி மாறும் என்று அவள் பல விதமாகக் கற்பனை செய்திருந்தாள்.

பட்டியல் வந்தது. சங்குமேடு, சு. முத்துப்பேச்சி. உப்போடை, ம. அந்தோணியம்மாள்.

அச்சுப் பிழை என்று நினைத்தாள். நவமணிதான் உப்போடைப் பொறியாளரிடம் விசாரித்து வந்து சொன்னார். போன ஆட்டம் முடிந்த அடுத்த கோடை விடுமுறையிலேயே சேர்மத்துரை குடும்பத்தோடு ஓசூருக்குப் போய்விட்டான். அங்கே ஏதோ பெரிய பள்ளிக்கூடத்தில் வேலை. ஐந்து வருடமாக அவன் உப்போடைப் பக்கமே வரவில்லை. இந்த ஆட்டத்தை அவன் பார்த்தானா என்பதுகூட அங்கே யாருக்கும் தெரியவில்லை.

இதைச் சொன்னபோது நவமணி அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். பேச்சி சரி சார் என்றாள். அதற்குப் பிறகு சில நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபம் அப்படியே இருந்தது, அதைக் கொண்டுபோய் வைக்க இடம் இல்லை.

உப்போடைக்கு ஆறு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். அந்த ஊர் மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவை மூடிவிட்டார்கள். மூடினால் நோயாளிகளை அருகில் ஓடுகிற பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. அருகில் இருந்தது சங்குமேடு, முப்பத்தெட்டுக் கிலோமீட்டர். மாற்று உத்தரவுக்குக் கையெழுத்து வாங்கவே ஆனி மாதம் ஆகிவிட்டது, அதுவரை அவர்கள் மாவட்டத் தலைநகருக்குப் போய் வந்தார்கள். ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு அவர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள்.

அந்தோணியம்மாள் மூன்றாவதாக உள்ளே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். உப்பளத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த உடம்பு, வெயிலில் கறுத்து வற்றியிருந்தது, கால் மட்டும் வீங்கியிருந்தது. மருத்துவச் சீட்டை நீட்டிவிட்டுச் சொல்லாமலே எடை பார்க்கும் மேடையில் ஏறி நின்றாள். பேச்சி சீட்டில் இருந்த பெயரைப் பார்த்தாள். படுக்கையைக் காட்டினாள். இடது கையில் ஊசி போடும் இடத்தைத் துடைத்தாள். இரண்டு ஊசியும் ஏறின, குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியது.

"நீங்கதான் சங்குமேட்டுக்கு ஆடுனதுன்னு பேப்பர்ல படம் போட்டிருந்தான், சிஸ்டர்," என்றாள் அந்தோணியம்மாள். குரலில் சூடு எதுவும் இல்லை.

பேச்சி ஆமாம் என்றாள். சேர்மத்துரை என்று நினைத்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொல்வதால் யாருக்கு என்ன ஆகப் போகிறது என்று தோன்றியது. ஆனாலும் சொன்னாள்.

அந்தோணியம்மாள் நிதானமாகச் சொன்னாள். அவளுக்கு விளையாட்டே தெரியாது. வாரத்துக்கு மூன்று நாள் எந்திரத்தில் படுத்துக் கிடந்தபோது பொழுது போகாமல் வாத்தியாரின் பதிவைப் போட்டுப் பார்த்துப் பழகினாள். கிடங்கு எங்கே வைப்பது, ஆளை எப்படி அனுப்புவது, எல்லாம் அவரிடம் படித்ததுதான். படை திரட்டுவதை மட்டும் அவள் படிக்கவில்லை, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அதனால்தான் இரண்டாம் நாளே சங்குமேட்டுக்கு எழுதினாள்.

பதினோரு பேர் என்று எழுதியிருந்தீர்களே என்று பேச்சி கேட்டாள். ஏழு பேர் வந்திருக்கிறோம் என்றாள் அந்தோணியம்மாள். மற்ற நான்கு பேரைப் பற்றி அவள் சொல்லவும் இல்லை, பேச்சி கேட்கவும் இல்லை.

எந்திரம் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. பேச்சி நகர்ந்து அடுத்த படுக்கைக்குப் போய் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அந்தோணியம்மாள் அவளுக்காகக் காத்திருந்ததுபோலத் தலையைத் திருப்பினாள்.

"உங்க ஆட்டத்த இப்பப் பாத்துக்கிட்டு இருக்கேன், சிஸ்டர். மொத நாலு நாள மட்டும். எரநூறு தடவைக்கு மேல பாத்துட்டேன். பனங்காட்டுக்குப் பின்னால ஆள வச்சீங்க பாருங்க, அது நல்ல எடம்."

பேச்சி எந்திரத்தில் ஓடும் எண்களைக் குறிக்கும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த தடவையும் எங்க ஊருக்கு நான்தான் ஆடுவேன். உங்க ஊருக்கு யாரு உக்காந்தாலும் சரி, மூணாம் நாளே வந்துருவேன். எழுதிக் கேட்டா நின்னுற மாட்டேன்." மூச்சு வாங்கியது, நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள். "அதுக்கு இன்னும் நாலரை வருசம் கெடக்கு. நான் இருப்பனா? நீங்க சொன்னா சரியா இருக்கும்."

பேச்சி அட்டையைப் பார்த்தாள். போன முறைக்கும் இந்த முறைக்கும் நடுவே மூன்றே நாளில் உடம்பில் நான்கு கிலோ நீர் ஏறியிருந்தது.

"இப்பிடித் தண்ணி குடிச்சா இருக்க மாட்டீங்கம்மா," என்றாள். "ஒரு நாளைக்கு அரை லிட்டர். அதுக்கு மேல ஒரு மடக்குக்கூட உள்ள போகக் கூடாது."

"அரை லிட்டர்," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள் அந்தோணியம்மாள். "சரி. இருந்துருதேன்."